தாங்கிக்குக் கொடுத்த கைவிசேஷம்

எழுதத் தெரிந்தவர்கள் உட்காரும் இடத்தில் நானும் வந்து உட்கார்ந்ததற்கு மன்னிக்க வேண்டும். பள்ளியில் சாதாரண தரம் வரைதான் படித்தேன். அதன் பிறகு நான் எழுதியதெல்லாம் கட்டுகஸ்தோட்டைப் பக்கத்தில் ஒரு பெற்றோல் ஷெட்டின் அளவுப் புத்தகம் மட்டும்தான். நாலு பேர் நிற்கிற இடத்தில் வாய் திறக்க எனக்கு இன்னும் கூச்சம். ஆனாலும் ஒரு நாள் பேசினேன். அந்த நாளைப் பற்றி வேறு யாரும் எழுதப்போவதில்லை என்பதால் நானே எழுதுகிறேன்.

கலஹாவுக்கு மேலே ஒரு தோட்டத்தில் பிறந்து, கல்யாணமாகி இந்தப் பக்கம் வந்தவள் நான். ஷெட்டில் முதலில் கூட்டித் துடைக்கத்தான் சேர்ந்தேன். என் இலக்கங்கள் அழகாக இருக்கின்றன என்று முதலாளி அளவுப் புத்தகத்தை என் கையில் தந்தார். காலையில் ஷெட்டைத் திறந்ததும் நிலத்துக்குக் கீழே இருக்கும் எண்ணெய்த் தாங்கிகளின் மூடியைத் திறந்து, நீளமான அளவுக் கம்பியை இறக்கி, எதுவரை நனைந்திருக்கிறது என்று பார்த்து எழுத வேண்டும். மழை நாளில் குடையைக் கழுத்தில் இடுக்கிக்கொண்டு குனிவேன்.

பெற்றோலுக்கு நாடே வரிசையில் நின்ற காலம் முடிந்த பிறகு, எண்ணெய்த் துறைக்கு அரசாங்கம் புது இயந்திரங்கள் வாங்கியது. அதில் ஒன்று எங்கள் ஷெட்டுக்கு வந்தது. தாங்கிக்குள் ஒரு மெல்லிய குழாய், அதில் மேலும் கீழும் போகும் மிதவை, அங்கிருந்து ஒரு வயர், அலுவலக அறையில் ஒரு சின்னத் திரை. தாங்கியில் எவ்வளவு இருக்கிறது என்பது அந்தத் திரையில் தெரியும். அதே நேரத்தில் கொழும்பிலும் தெரியும். பம்பில் அடிப்பதும் அங்கே பதிவாகும், கணக்கு இடித்தால் அங்கிருந்தே பம்புகளைப் பூட்டவும் முடியும்.

பொருத்தக் கொழும்பிலிருந்து வந்தது ஒரு யாழ்ப்பாணத்துப் பொறியியலாளர், இளம்பெண். "வரிசை ஏன் அவ்வளவு நீண்டது தெரியுமோ அக்கா? எந்த ஊரில எவ்வளவு கிடக்கெண்டு மேல ஒருத்தருக்கும் சரியாத் தெரியேல்ல. அதுக்குத்தான் இவ்வளவு காசைப் போடுறம்," என்றார். இதை யார் பழகுவது என்று கேட்டபோது ஆம்பிளைகள் எல்லாரும் பம்ப் பக்கம் போய்விட்டார்கள். நான்தான் மிச்சம். மூன்று நாள் சொல்லித் தந்தார். நாலாம் நாள் திரை காட்டிய அளவையும் என் கம்பி காட்டிய அளவையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்த்தோம். ஒரு மில்லிமீற்றர்கூட வித்தியாசம் இல்லை. "நீங்களும் ஒரு மெஷின்தான் அக்கா," என்று சிரித்தார். அன்றைக்கு வீட்டுக்குப் போய் அதைக் கணவரிடம் இரண்டு தரம் சொன்னேன்.

எங்கள் பம்பில் மூத்தவர் ஒரு சிங்கள அண்ணன். எல்லாரும் அவரை அய்யே என்றுதான் கூப்பிடுவோம்; அவருக்கு நான் நங்கி, அதாவது தங்கச்சி. திரையைப் பார்த்து அவர், "நங்கி, டேங்குக்கும் போன் எடுத்துக் குடுத்திட்டாங்க. எனக்குத்தான் இன்னும் இல்ல," என்றார்.

அந்த அய்யேவுக்கு ஒரு பழக்கம் உண்டு. சித்திரைப் புத்தாண்டில் வேலை தொடங்கும் சுபநேரம் வந்ததும் சிங்கள வீடுகளில் கிணற்றோடு கைவிசேஷம் செய்வார்கள். முதலில் கிணற்றுக்கு ஏதாவது கொடுத்து, பிறகுதான் அதிலிருந்து தண்ணீர் எடுப்பது. அய்யே அதை ஷெட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார். "நமக்கு இதுதான் கிணறு," என்பார். முதல் நாளே எல்லாரும் காசு போட்டு இருபது லீட்டர் பெற்றோல் வாங்கி, கேனில் மூடி வைப்போம். சுபநேரத்தில் அவர் வெள்ளைச் சாரம் உடுத்து, பஞ்சாங்கம் சொன்ன திசையைப் பார்த்து நின்று, அதைத் தாங்கிக்கே திரும்ப ஊற்றுவார். பிறகுதான் புது வருடத்தின் முதல் விற்பனை. முதலாளி அக்குறணைப் பக்கத்து முஸ்லிம். புத்தாண்டு அவருக்கில்லை. ஆனாலும் அவருடைய வாப்பா காலத்திலிருந்து நடப்பது என்று தடுக்கமாட்டார்.

இயந்திரம் வந்த பிறகு வந்த முதல் புத்தாண்டில் அய்யே என்னிடம் கேட்டார். "நங்கி, இதுக்குத் தெரியுமா?"

"இவ்வளவு பெரிய தாங்கியில இருபது லீட்டர் எங்க அய்யே தெரியப்போகுது? ஊத்துங்க," என்றேன். பழகியவள் நான், சொன்னவளும் நான்.

ஊற்றினார். கும்பிட்டோம். முதல் ஆளாக ஒரு முச்சக்கரவண்டிக்காரர் வந்து நின்றார். பின்னால் பலகாரத் தட்டுகளோடு குடும்பம். அய்யே குழாயை எடுத்து வைத்து அழுத்தினார். வரவில்லை. அடுத்த பம்பிலும் பெற்றோல் வரவில்லை. அலுவலகத்தில் திரை சிவப்பாக இருந்தது. போன் அடித்தது.

அதே பொறியியலாளர். "அக்கா, உங்கட பெற்றோல் தாங்கியில பௌசர் வராமலே எண்ணெய் கூடியிருக்கு. உள்ளுக்க ஊற்று ஏதும் கிளம்பிட்டுதோ?"

சிரிக்கத்தான் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. எண்ணெய் கொண்டுவரும் பௌசர் லொறி வராமல் பெற்றோல் கூடினால் கொழும்பில் அதற்கு ஒரே அர்த்தம்தான்: யாரோ மண்ணெண்ணெய் கலந்திருக்கிறார்கள். கலப்படம் என்று எழுதிவிட்டால் ஷெட்டின் அனுமதிப்பத்திரம் போய்விடும். நாங்கள் பதினொரு பேரும் வீட்டுக்குத்தான்.

அதற்குள் முதலாளிக்குச் செய்தி போய், மோட்டார் சைக்கிளில் வந்துவிட்டார். ஹெல்மெட்டைக்கூடக் கழற்றவில்லை. நான் போனைப் பொத்திக்கொண்டு விஷயத்தைச் சொன்னேன். தாடியைத் தடவி யோசித்தார்.

"தங்கச்சி, மெஷின் பிழைண்டு செல்லுங்க. புது மெஷின்தானே. யாரு கேக்கப்போறா?"

அய்யே அவருக்குப் பின்னால் நின்று வேகமாகத் தலையாட்டினார்.

சொல்லியிருக்கலாம். நம்பவும் செய்திருப்பார்கள். ஆனால் என் கம்பியோடு மில்லிமீற்றருக்கு மில்லிமீற்றர் ஒத்துப்போன இயந்திரம் அது. நாட்டுக் காசில் வாங்கி, மூன்று நாள் எனக்குச் சொல்லித் தந்து என்னை நம்பி விட்டுவிட்டுப் போனது. அது பிழை என்றால், இத்தனை வருடம் நான் எழுதிய புத்தகமும் பிழை என்று நானே சொல்வது போல் இருந்தது. போனில் பேசினேன்.

"மெஷின் சரிங்க மேடம். நாங்கதான் ஊத்தினோம். இருபது லீட்டர்."

முதலாளி "அல்லாவே" என்று கதிரையில் உட்கார்ந்தார்.

பொறியியலாளர் கேட்டார், "ஏன் அக்கா ஊத்தினீங்கள்?"

கிணற்றைப் பற்றிச் சொன்னேன். சுபநேரத்தைச் சொன்னேன். அவருக்கு அந்த வழக்கம் தெரியவில்லை, திரும்பத் திரும்பக் கேட்டார். "தாங்கிக்கோ? கைவிசேஷமோ?" என்றார். அந்தப் பெற்றோலை எந்த பம்பில், முதல் நாள் எத்தனை மணிக்கு அடித்தோம் என்று கேட்டார். நான் புத்தகத்தைப் பார்த்து நேரத்தைச் சொன்னேன். அவர் அங்கே தேடிப் பார்க்கும் சத்தம் கேட்டது.

"ஓம், இருபது லீட்டர் போயிருக்கு. நீங்கள் சொன்ன நேரம்தான். ஆனா உள்ளுக்க போனதும் அதே பெற்றோல்தான் எண்டு நான் எப்பிடி எழுதுறது? ஆளை அனுப்புறன். சோதிச்சுச் சரியெண்டால் திறக்கிறன். பிழையெண்டால் என்னட்டக் கேட்காதேங்கோ."

கண்டியிலிருந்து பரிசோதகர் வர ஒன்றரை மணித்தியாலம் ஆனது. முச்சக்கரவண்டிக் குடும்பம் இறங்கி நிழலில் உட்கார்ந்து பலகாரத் தட்டைப் பிரித்துவிட்டார்கள். எங்களுக்கும் கொக்கிஸ் தந்தார்கள். முதலாளி ஒன்றை எடுத்துக் கையிலேயே வைத்திருந்தார். அய்யே என் பக்கம் வந்து, "நங்கி, நான் ஊத்தினேன், நான் சொல்றேன். உன்மேல போடாத," என்றார்.

"நான்தானே ஊத்தச் சொன்னேன் அய்யே."

"அதுவும் சரிதான்," என்றார். அந்த நேரத்திலும் அப்படிச் சொல்கிற ஆள் அவர்.

பரிசோதகர் சிங்களவர், புதுச் சட்டையோடு சாப்பாட்டிலிருந்து எழுந்து வந்திருந்தார். நேரே போய்த் தாங்கியின் அடியிலிருந்து ஒரு தரம், மேலிருந்து ஒரு தரம் பெற்றோல் எடுத்தார். கண்ணாடிக் குவளையில் ஊற்றி, அடர்த்தி பார்க்கும் கண்ணாடிக் கோலை உள்ளே விட்டார். அது ஆடி ஆடி நின்றது. குனிந்து படித்துவிட்டு என்னைக் கூப்பிட்டார். "நீங்களும் பாருங்க," என்று சிங்களத்தில் சொன்னார். பார்த்தேன். பௌசர் வரும்போதெல்லாம் நான் பார்க்கும் அதே கோடு. ஒரு துளியைக் காகிதத்தில் விட்டு ஊதினார். மண்ணெண்ணெய்க் கறை இல்லாமல் காய்ந்தது.

கொழும்புக்கு அவர்தான் போன் எடுத்தார். பொறியியலாளரிடம் கிணற்றுக் கதையைக் கேட்டதும் இவ்வளவு நேரம் இறுகி நின்ற மனிதர் விழுந்து விழுந்து சிரித்தார். "எங்க அம்மாவும் செய்வா. ஆனா பெற்றோல் கிணற்றை இப்பதான் பாக்குறேன்."

பிறகு போனை என்னிடம் தந்தார். "அக்கா, இங்க காட்டினது பத்தொன்பது லீட்டர் சொச்சம். அவ்வளவு பெரிய தாங்கியில அதைக்கூடப் பிடிச்சிருக்கு பாத்தீங்களோ?" பொறியியலாளரின் குரலில் எனக்கிருந்த அதே பெருமை. "இருபதில மிச்சம் எங்க போனது?"

"கேனில ஒட்டியிருக்கும் மேடம். கொஞ்சம் ஆவியாவும் போயிருக்கும்."

"சரியாச் சொன்னீங்கள். மெஷின் பிழையெண்டு சொல்லியிருந்தீங்கள் எண்டால் நான் மெஷினைக் கழற்றிக்கொண்டு போயிருப்பன். உங்கள் ஷெட்டில திரும்பப் பூட்டவும் மாட்டினம். அடுத்த வருசம் ஊத்த முந்தி எனக்கு ஒரு போன் எடுங்கோ."

திரை பச்சையானது. முச்சக்கரவண்டிக்காரர் வாயைத் துடைத்துக்கொண்டு எழுந்து வந்தார். முதலாளி அப்போதுதான் ஹெல்மெட்டைக் கழற்றினார். பரிசோதகர் எழுதிய எச்சரிக்கைக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு, அவரிடம் என்னைக் காட்டி, "எங்கட ஷெட்டு மெஷினுக்குப் பொறுப்பு இவங்கதான்," என்றார். அதுவரை பொறுப்பு என்ற சொல்லை யாரும் எனக்குச் சொன்னதில்லை. நான் அலுவலகத்துக்குள் போய் அளவுப் புத்தகத்தைத் திறந்து, "சுபநேரத்தில் தாங்கிக்கு ஊற்றியது, 20 லீட்டர்" என்று எழுதிக் கீழே என் பெயரைப் போட்டேன்.

மறுநாள் காலை ஏழரைக்கு டீசல் பௌசர் வந்தது. 6,600 லீட்டர் இறக்கினோம்; திரையும் என் கம்பியும் அதையே சொல்லின.