பாத்துக்கலாம் விமலன்

பெம்பானில் விமலன் வீடு எது என்று கேட்டால், எந்த விமலன் என்பார்கள். பாத்துக்கலாம் விமலன் என்றால் போதும், கையை நீட்டிக் காட்டிவிடுவார்கள். கூரை ஒழுகினாலும் பாத்துக்கலாம், மகளுக்குக் காய்ச்சல் அடித்தாலும் பாத்துக்கலாம். தொற்றுக் காலத்தில் விமான நிறுவனம் அவரை வேலையிலிருந்து நிறுத்தியபோதும் அதையே சொல்லிவிட்டு, சுங்கை ஊடாங்கில் எண்ணெய் டேங்கர் லாரி ஓட்டப் போனார். விமான கேப்டனாக இருந்தவர் லாரி ஓட்டுகிறாரே என்று ஊர் வாயைப் பிளந்தது. மனிதர் சட்டை செய்யவில்லை. அந்தச் சொல் மட்டும் இல்லாதிருந்தால் அந்த வருடங்களில் அவர் உடைந்தே போயிருப்பார். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

அதே சொல்தான் இப்போது அவர் கழுத்தைப் பிடித்தது. சரக்கு விமானம் ஓட்ட ஒரு நிறுவனம் அவரைக் கூப்பிட்டிருந்தது. அதற்கு முன்னால் பத்து பிரெண்டாம் பக்கம் ஒரு பயிற்சி நிலையத்தில் சிமுலேட்டர் சோதனை. தரையை விட்டுப் போகாத விமானம் அது; ஆனால் உள்ளே உட்கார்ந்தால் எல்லாம் நிஜம் போலவே இருக்கும். மூடுபனி கவிந்த ஒரு கடற்கரை நகரத்தில், வெளியே எதுவும் தெரியாமல், கருவிகளை மட்டும் நம்பி இறங்கிக் காட்ட வேண்டும். இருநூறு அடி உயரம் வரை கருவிகள் கொண்டுவந்து விடும். அங்கே ஓடுபாதை விளக்கு கண்ணில் பட்டால் இறங்கலாம். படாவிட்டால் அந்த நொடியே மேலே ஏறிவிட வேண்டும்.

போன வாரம் நடந்த முதல் சோதனையில் விமலன் விளக்கைக் காணாமலேயே இன்னும் கொஞ்சம் இறங்கிப் பார்த்தார். புகைமூட்டத்தில் டேங்கர் ஓட்டிய பழக்கம் அது. தலையை முன்னே நீட்டிக்கொண்டு மெல்லப் போனால் சாலை தானாகத் தெரியும். கீழே மங்கலாக ஏதோ வெளிச்சம் தெரிந்ததும் அதை நோக்கிப் போனார். அது துறைமுகத்து விளக்கு. விமானம் மோதிவிட்டதாகத் திரை சிவந்து அப்படியே உறைந்தது. இன்னும் ஒரே ஒரு வாய்ப்புதான் என்று சொல்லிவிட்டார் சோதனை அதிகாரி, கேப்டன் தர்மேந்திரன்.

அந்த வாய்ப்புக்குக் கிளம்பிய காலையில் மனைவி நளினி வாசலை மறித்துக்கொண்டார்.

"டேங்கர் மொதலாளி தவுக்கே போன் பண்ணாரு. தொடர்ந்து வேலைக்கு வருவீங்களா மாட்டீங்களான்னு இன்னிக்குள்ள சொல்லணுமாம். இல்லன்னா வேற ஆளப் போட்ருவாராம். என்னா சொல்ல?"

"பாத்துக்கலாம்லா."

நளினிக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "கூரையப் பாத்துக்கலாம்னீங்களே, பாத்தீங்களா, இல்லியா? ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க!"

விமலன் காரை எடுத்தார். இந்த வாய்ப்பும் போய்விட்டால் அவரை எந்த நிறுவனமும் மறுபடி கூப்பிடப் போவதில்லை. டேங்கர் வேலையும் கையை விட்டுப் போகும்.

சிமுலேட்டரில் அவருக்கு வலப்பக்கம் துணை விமானியாகக் கிளாரிசா உட்கார்ந்தார், சுங்கை ஊடாங் பெண். தர்மேந்திரன் பின்னால் இருந்தார். கட்டுப்பாட்டுக் கோபுரத்தின் குரலும் அவர்தான். அந்தக் குரல் மூச்சு விட விடவில்லை. வேகத்தைக் குறை, இல்லை கூட்டு, இடப்பக்கம் திரும்பு, முன்னால் ஒரு விமானம், பின்னால் நெருக்கிக்கொண்டு இன்னொன்று. கண்ணாடிக்கு வெளியே சுண்ணாம்பு அடித்தது போல வெள்ளை. விமலனின் சட்டை முதுகோடு ஒட்டியது.

ஐந்நூறு அடி. பாதை காட்டும் கருவியில் முள் இரண்டும் நடுவில் நின்றன. முன்னூறு. அவர் கழுத்து தானாக முன்னே நீண்டது.

இருநூறு. "மினிமம்" என்றது இயந்திரக் குரல்.

"அண்ணே, கீழ ஏதோ வெளிச்சம்..." கிளாரிசாவின் குரல் இழுத்தது.

விமலனுக்கும் தெரிந்தது. வெள்ளைக்குள் ஓர் இடம் மட்டும் மஞ்சளாகக் கலங்கியிருந்தது. அது ஓடுபாதையாக இருக்கலாம். இன்னும் கொஞ்சம் இறங்கினால் தெளிவாகிவிடும், பாத்துக்கலாம் என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அந்த நொடியில் வாசலை மறித்து நின்ற நளினியின் கோபக் குரல் காதில் அறைந்தது.

பாத்தீங்களா, இல்லியா?

ஓடுபாதையைப் பார்க்கவில்லை.

"கோ அரவுண்ட்!" என்று கத்தியபடியே விசையை முன்னே தள்ளி விமானத்தின் மூக்கைத் தூக்கினார். சக்கரங்கள் உள்ளே போயின.

கோபுரம் விடவில்லை. முன்னால் போன விமானம் நன்றாகத்தான் இறங்கியது, வட்டமடித்துக் காத்திருந்தால் உங்களுக்கும் இன்னொரு முறை தருகிறேன் என்றது.

"அண்ணே, காத்திருந்தா மாற்று ஏர்போர்ட்டுக்குப் போக எண்ணெய் பத்தாது" என்றார் கிளாரிசா.

முன்னால் போனவன் இறங்கிவிட்டான் என்பது உள்ளே முள்ளாகக் குத்தியது. தான் மட்டும் கோழையா? ஆனால் எண்ணெய் பத்தாது என்றால் பத்தாதுதான். "மாற்று ஏர்போர்ட் கேளு" என்றார். உள்நாட்டில் மூடுபனி இல்லாத ஒரு ஊரில் போய் விமானத்தை இறக்கினார். இறங்கியதில் அவருக்கு ஒரு சந்தோஷமும் இல்லை. போகச் சொன்ன இடத்துக்குப் போகவில்லை, எல்லாம் முடிந்தது என்றே நினைத்தார்.

விளக்குகள் எரிந்தன. தர்மேந்திரன் எழுந்து வந்தார்.

"அந்த வெளிச்சம் என்னா தெரியுமா? போன வாரம் உங்கள ஏமாத்துனுச்சே, அதே துறைமுகம். ரன்வே லைட்ட நான் போடவே இல்ல."

"முன்னால போன பிளேன் எறங்குச்சுன்னீங்களே?"

"சும்மா சொன்னேன்லா. ஆச காட்டுனா போறீங்களான்னு பாத்தேன். நீங்க பாஸ், கேப்டன்."

கிளாரிசா கை தட்டினார். விமலனுக்குக் கண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. கார் நிறுத்துமிடத்துக்கு ஓடி நளினியைக் கூப்பிட்டார்.

"எறங்கிட்டீங்களா?" நளினியின் குரலில் உயிரே இல்லை.

"அங்க எறங்கல. அதான் பாஸ்."

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. "என்னாங்க, தவுக்கே மறுபடி போன் பண்ணாரு. என்னா சொல்ல?"

விமலன் வாயைத் திறந்தார். பழைய சொல் வழக்கம்போல முந்திக்கொண்டு வந்தது. அதை விழுங்கினார்.

"வரலன்னு சொல்லிரு. வர்ற வழியில கூரைக்குத் தகரம் வாங்கிட்டு வர்றேன்."