கடைசி ரீலுக்கு ஒரு சரம்

எங்கள் வீட்டில் சினிமா என்ற சொல்லையே சத்தமாகச் சொல்லமுடியாது. அப்பா சபை மூப்பர். கொட்டகைப் பக்கம் தலைவைத்துப் படுக்கமாட்டார். நான் சிவகாசியில் லித்தோ அச்சகத்தில் சேர்ந்தபிறகு அவருக்குத் தெரியாமல் வாரம் ஒரு படம் பார்த்துக்கொண்டிருந்தேன். பாவம், அம்மாதான் நாற்பத்தைந்து வயதுவரை ஒன்றுகூடப் பார்த்ததில்லை.

அறுபதுகளின் தொடக்கத்தில், எம். புதுப்பட்டியில் எங்கள் சபைக் கோயில் மைதானத்துக்கு, இயேசுவின் கதையைப் படமாகக் காட்டும் வேன் ஒன்று வந்தது. இது சினிமா இல்லை, ஊழியம் என்று அப்பா தனக்குத்தானே தீர்ப்புச் சொல்லிக்கொண்டார். அம்மா நாலு மணிக்கே பாயோடு போய் முன்வரிசையில் இடம் பிடித்துவிட்டாள். முதல் காட்சியிலிருந்து கடைசிவரை ஒன்று விடாமல் பார்த்துவிட வேண்டும் என்பதுதான் அவள் ஆசை.

படம் சுமார் என்று சொன்னாலே தாராளம். சீடர்கள் பன்னிரண்டு பேருக்கும் ஒரே அளவில் ஒட்டுத்தாடி. பேதுரு வாயை மூடிய பிறகும் தமிழ் வந்துகொண்டே இருந்தது. கானாவூர்க் கல்யாணத்தில் தண்ணீர் ஊற்றுகிறவன்கூட வேதாகமத் தமிழில்தான் பேசினான். பக்திப்படம் எடுப்பவர்களுக்கு ஒரு மிதப்பு உண்டு. விஷயம் பெரியது, வேலை மோசமானால் என்ன, பார்க்கிறவன் பொறுத்துக்கொள்வான் என்று நினைப்பு. எனக்கு அது ஆகாது. எங்கள் அச்சகத்தில் தீப்பெட்டி லேபிள் கொஞ்சம் பிசகினால் போகட்டும் என்பார்கள். சாமி காலண்டரில் உதட்டுச் சிவப்பு ஒரு நூல் விலகினாலும் தாளைக் கிழித்துப் போட்டுவிடுவார்கள். சாமி படம் என்பதற்காகவே கூடுதல் கவனம். அந்தக் கவனம் நம் ஆட்களுக்கு ஏன் இல்லை என்று நான் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

அம்மாவோ வாயைத் திறந்தபடி பார்த்துக்கொண்டிருந்தாள்.

படம் தொடங்கிக் கொஞ்ச நேரத்திலேயே இயேசு ஆற்றங்கரையில் முதன்முதலாகத் தோன்றினார். அவ்வளவுதான், மைதானத்து ஓரத்தில் ஆயிரம்வாலா ஒன்று வெடிக்கத் தொடங்கியது. எங்கள் ஊர்ப் பட்டாசுக் கம்பெனி முதலாளியின் வீட்டார் கொளுத்தியது. அவர்கள் இந்துக்கள். படம் பார்க்க அழைத்திருந்தோம். கொட்டகையில் கதாநாயகன் தலை தெரிந்ததும் சரம் கொளுத்துவது எங்கள் பக்கத்து வழக்கம். அந்த மரியாதையை அவர்கள் எங்கள் ஆண்டவருக்கும் செய்துவிட்டார்கள். திரை முழுக்கப் புகை. யோர்தான் நதி காணாமல் போயிற்று.

வேன்காரர் மிஷினை நிறுத்திவிட்டார். பிலிமில் ஒரு பொறி விழுந்தால் எல்லாம் சாம்பல் என்று கத்திக்கொண்டே பெட்டியை மூடப் போனார். அம்மா திரும்பி அப்பாவைப் பார்த்தாள். அவள் கண் கலங்கியிருந்தது. அப்பா இதுதான் சாக்கென்று எல்லாரையும் வீட்டுக்கு அனுப்பிவிடுவார் என்றே நினைத்தேன்.

அவர் எழுந்து வேன்காரரிடம் போனார்.

"கோவிச்சுக்கிடாதீக. சந்தோசம்னா இங்கன வெடிதான் போடுவாக. இனிமே போடாம நான் பாத்துக்கிடுதேன். இவ இன்னும் முழுசாப் பாக்கலை, படத்தைப் போடுங்க."

படம் மறுபடி ஓடியது. அப்பா முதலாளி வீட்டாருக்குப் பக்கத்திலேயே காவலுக்கு உட்கார்ந்துகொண்டார். அதன்பிறகு ஒரு ஊசிவெடிகூட வெடிக்கவில்லை. சிலுவைக் காட்சியில் முதலாளியின் சம்சாரம் முன்வரிசைக்கே வந்து அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

கடைசி ரீல். கல்லறைக் கல் அட்டையில் செய்தது, புரளும்போது லேசாக வளைந்தது. "அட்டை" என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அப்பா எழுந்து வந்து என் தோளைத் தட்டினார்.

"ஏலே, இன்னொரு சரம் இருக்கான்னு அவுகளைக் கேளு. தூரமா, அந்தக் கிணத்து மேட்டுல வச்சுப் போடச் சொல்லு."

இல்லாமலா இருக்கும்? இயேசு வெளியே வந்து நின்றார், கிணற்று மேடு அதிர்ந்தது. வேன்காரரே சிரித்துவிட்டார். அம்மா கை தட்டினாள். அதற்கு முன் அவள் எதற்கும் கை தட்டி நான் பார்த்ததில்லை. எனக்குத் தாங்கமுடியாத சந்தோஷம். அந்தப் படத்தை இன்றுவரை நான் நல்ல படம் என்று சொன்னதில்லை, ஆனால் அந்த ஒரு காட்சியில் குறை சொல்லவும் எனக்கு மனம் வந்ததில்லை.

வீட்டுக்குத் திரும்பும்போது, அடுத்த வருஷமும் வேன் வருமா என்று அம்மா கேட்டாள்.

"வரச் சொல்லிட்டேன்" என்றார் அப்பா. நாலு எட்டு நடந்தபின், "சரத்துக்கும் சொல்லி வச்சிருக்கேன்" என்றார்.