மெட்ராஸுக்கு அடித்த மன்னிப்பு

எழுபதுகளின் கடைசியில், பாலக்காட்டை அடுத்த கஞ்சிக்கோட்டில் ஒரு தொழிற்சாலை ஆபீசில் டெலக்ஸ் ஆபரேட்டராகச் சேர்ந்தேன். அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது. எங்கள் குடும்பத்தில் எல்லோரும் சேற்றில் இறங்கி வேலை செய்தவர்கள். ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்து வேலை பார்த்த முதல் ஆள் நான்தான். அந்தத் திமிர் எனக்குக் கொஞ்சநஞ்சமில்லை.

டெலக்ஸ் என்றால் இப்போது பாதிப் பேருக்குத் தெரியாது. பார்க்கப் பெரிய டைப்ரைட்டர் மாதிரி இருக்கும். இங்கே அடிக்கிற எழுத்து அதே நேரத்தில் மெட்ராஸில் இருக்கும் மெஷினிலும் விழும். நம்பரைச் சுழற்றினால் அந்தப் பக்கத்து மெஷின் முதலில் தன் அடையாளத்தை அடித்துக் காட்டும். பிறகு நாம் சொல்ல வேண்டியதை அடிக்கலாம். சொல்லி முடித்ததும் ஒரு கூட்டல் குறியும் ஒரு கேள்விக்குறியும் போட வேண்டும். நான் முடித்துவிட்டேன், இனி நீ சொல் என்று அர்த்தம். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் அடித்தால் எழுத்தெல்லாம் கூழாகிவிடும். வித்தை இவ்வளவுதான், ஒரே காலையில் கற்றுக்கொண்டேன்.

முதல் நாள் உற்பத்தி விவரத்தை அனுப்பிவிட்டு எழுந்தேன். மெஷின் தானாகத் தட்ட ஆரம்பித்தது. பயந்து இரண்டடி பின்னால் போய்விட்டேன். எட்டிப் பார்த்தால், புது ஆளா, சாப்பிட்டாயிற்றா என்று தமிழை ஆங்கில எழுத்தில் அடித்துக் கேட்டிருந்தது. மெட்ராஸ் தலைமை அலுவலகத்து ஆபரேட்டர், என்னைப் போலவே ஒரு பெண். 'ஆச்சுங்க' என்று அடித்து, மறக்காமல் கூட்டல் குறியும் கேள்விக்குறியும் போட்டேன்.

அதற்குப் பிறகு தினமும் மத்தியானம் ஆபீஸ் காலியானதும் எங்கள் அரட்டை தொடங்கிவிடும். அவள் முகம் எனக்குத் தெரியாது, குரலும் தெரியாது. சிரிப்பு வந்தால் ஒரு வரி முழுக்க 'ஹா ஹா ஹா' என்று அடிப்பாள். அந்த வரி வர வேண்டும் என்பதற்காக மேனேஜர் நடை, கேஷியர் கொட்டாவி என்று ஒன்றையும் விடாமல் அடித்தேன். முடிந்ததும் காகிதத்தைக் கிழித்துக் குப்பையில் போட்டுவிடுவேன்.

ஒருநாள் அந்த நேரத்தில் ஒருவர் வந்தார். பேக்கிங்கில் தற்காலிகத் தொழிலாளி, மலைமேல் வண்டிப்பெரியார் தேயிலை எஸ்டேட்டில் பிறந்து வளர்ந்தவர். கூடச் சேர்ந்தவர்களை எல்லாம் நிரந்தரமாக்கும் பட்டியல் மெட்ராஸுக்குப் போயிருந்தது. தன் பெயர் அதில் இருக்கிறதா என்று அவருக்குத் தெரியவில்லை. மாதக் கடைசியில் கையெழுத்தாகிவிடும். பெயர் இல்லாவிட்டால் வேலை இல்லை, மனைவியைக் கூட்டிக்கொண்டு மறுபடி மலைக்குப் போக வேண்டியதுதான்.

"மேடம், மெட்ராஸ்ல ஒரு வார்த்த கேட்டுச் சொல்லுவீகளா? எம்பேரு இருக்கா இல்லையான்னு தெரிஞ்சாப் போதும்."

"கேக்கறனுங்க. அப்படி நில்லுங்க," என்றேன்.

வேலைச் சட்டையை மாற்றி வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். தலையில் தண்ணீர் தொட்டுச் சீவியிருந்தார். செருப்பை வெளியே கழற்றிவிட்டு, மெஷினுக்கு நேராக விறைப்பாக நின்றார். எனக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. அவர் கேட்கச் சொன்னதை விட்டுவிட்டு இப்படி அடித்தேன்: உனக்கு ஒரு மாப்பிள்ளை வந்து நிற்கிறார், மெஷின் வழியாக நீ பார்க்கிறாய் என்று நினைத்து வெள்ளைச் சட்டை போட்டு வந்திருக்கிறார், பிடித்திருக்கிறதா சொல்.

ஹா ஹா ஹா வந்தது. கொஞ்சம் திரும்பி நிற்கச் சொல், மூக்கைப் பார்க்க வேண்டும் என்றும் வந்தது. நான் வாய்விட்டுச் சிரித்தேன். அவரும் கூடச் சிரித்தார்.

"நல்ல சேதிதானே மேடம்?"

"பாத்துச் சொல்றாங்களாமுங்க."

மறுநாள் கேட்டுவிடலாம் என்றுதான் நினைத்தேன். மறுநாள் அது நினைவுக்கே வரவில்லை.

அன்றைக்கு அவர் கிளம்பும்போது, வீட்டில் காட்ட வேண்டும், அந்தக் காகிதத்தைத் தருவீர்களா என்று கேட்டார். ரோலில் எப்போதும் ஒரு கார்பன் நகலும் சேர்ந்து வரும். அதைக் கிழித்துக் கொடுத்துவிட்டேன். அவருக்கு ஆங்கில எழுத்து வாசிக்கத் தெரியாது என்று எனக்குத் தெரியும். அவர் வீட்டில் மட்டும் யாருக்குத் தெரியப்போகிறது என்று நினைத்தேன். இதை எழுதவே வெட்கமாக இருக்கிறது, ஆனால் அப்படித்தான் நினைத்தேன்.

இரண்டு நாள் கழித்து, மத்தியானத்தில் அவருடைய மனைவி வந்தாள். என் வயதுதான் இருக்கும். எஸ்டேட் பக்கத்தில் கன்னியாஸ்திரீகள் நடத்திய பள்ளியில் பத்தாவது வரை படித்தவள். நாலாக மடித்த காகிதத்தை என் மேசைமேல் வைத்தாள்.

"இத அவருக்கு நான் வாசிச்சுக் காட்டல மேடம். அவரப் பத்தி நல்லபடியா எழுதிருக்காங்கன்னு சொல்லிட்டேன். அவருக்கு ஒரே சந்தோசம்."

காகிதத்தைப் பிரிக்காமலே எடுத்து மேசை டிராயருக்குள் போட்டேன்.

"மெஷினு பாக்கும்னு நெனைக்கிற அளவுக்கு அவரு ஒண்ணும் தெரியாதவரு இல்ல. ஒங்ககிட்ட ஒதவி கேக்க வாறோமேன்னுதான் சட்ட மாத்திட்டு வந்தாரு," என்றாள். கொஞ்சம் நிறுத்தி, "இப்ப நெசமாக் கேளுங்க. நான் நிக்கிறேன்," என்றாள்.

நம்பரைச் சுழற்றினேன். அவர் பெயரை அடித்தேன், நிரந்தரப் பட்டியலில் இருக்கிறதா என்று கேட்டேன். அவள் என் தோளுக்குப் பின்னால் நின்று ஒவ்வொரு எழுத்தாக வாசித்தாள். மெஷின் தட்டத் தொடங்கியது.

ஹா ஹா ஹா. இன்றைக்கு மாப்பிள்ளை என்ன கலர் சட்டை?

கையை வைத்து மறைக்கப் பார்த்தேன். அதற்குள் அவள் வாசித்துவிட்டாள். மெட்ராஸ்காரியைக் குறை சொல்ல முடியாது. அந்த மனிதரைப் பற்றி எது வந்தாலும் சிரிக்கலாம் என்று அவளுக்குப் பழக்கிக் கொடுத்தவளே நான்தான்.

இது விளையாட்டு இல்லை, அவர் மனைவி பக்கத்தில் நிற்கிறாள், அன்றைக்கு நான் செய்தது தப்பு, மன்னித்துவிடு என்று அடித்தேன். கூட்டல் குறி, கேள்விக்குறி போட்டேன். பின்னால் நின்றவள் அதையும் வாசித்தாள். வாசித்த பிறகும் காகிதத்தை விட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் மெஷினைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பட்டியலைப் பார்த்தேன், பெயர் விட்டுப்போயிருக்கிறது, இப்போதே ஆபீசரிடம் காட்டுகிறேன் என்று பதில் வந்ததும், அவள் "வாறேன் மேடம்" என்று கிளம்பிவிட்டாள்.

மாதக் கடைசியில் அவர் நிரந்தரமானார். மறுநாளே லட்டுப் பொட்டலத்தோடு வந்தார், அவளையும் கூட்டிக்கொண்டு வந்திருந்தார். அன்றைக்கும் அதே வெள்ளைச் சட்டை. ஆபீசில் எல்லோரும் இருக்கும்போது, "மேடம் இல்லாட்டி நாங்க இந்நேரம் மல ஏறிருப்போம்," என்றார். பிறகு அவளிடம் திரும்பி, "மேடத்துக்கு நன்றி சொல்லு," என்றார்.

அவள் கைகூப்பி, "ரொம்ப நன்றி மேடம்," என்றாள்.

"பரவாயில்லீங்க," என்றேன் நான்.