வெங்காயத்துக்கு ஏற்ற வெளிச்சம்

மண்ணூர்பேட்டையில் எங்களுடையது பவுடர் கோட்டிங் யூனிட். மின்விசிறி இறக்கை, பீரோ கதவு, சைக்கிள் கூடை என்று எது வந்தாலும் பெயிண்ட் அடித்து, சூட்டில் வைத்து எடுத்து, கடைசியில் ஹாஜா மொய்தீன் பாயின் மேஜைக்கு அனுப்புவோம். அவர் தலைக்கு மேலே பளிச்சென்று ஒரு வெள்ளை விளக்கு எரியும். அதன் கீழே மாதிரித் தகட்டைப் பக்கத்தில் வைத்து நிறம் பார்ப்பார். ஒத்துப்போனால் வலது பக்கம், இல்லாவிட்டால் இடது பக்கம். முதலாளியே தலைகீழாக நின்றாலும் இடது பக்கம் போனது போனதுதான். பேக்கிங் பார்க்கும் எனக்கு இதனால் தினமும் தாமதம். நான் அவரைத் திட்டாத நாளில்லை. ஆனாலும் மனுஷனைப் பிடிக்கும்.

அந்தக் கண்ணைக் கம்பெனியோடு விட்டுவிட்டு வந்தால் பரவாயில்லை. சட்டை வாங்கப் போனால் அதைத் தெருவுக்குத் தூக்கிவந்து வெயிலில் பார்ப்பார். கடைக்காரர் பில் போடாமல் போகிறாரோ என்று பின்னாலேயே ஓடிவருவார். டீக்கடையில் கிளாஸை உயர்த்திப் பிடித்து, இன்னும் ஒரு சொட்டு டிகாஷன் என்பார். சொட்டு விட்டதும் கொஞ்சம் பால் என்பார்.

இப்படிப்பட்டவர் திருநின்றவூரில் வீடு கட்டி, சமையலறையில் மேல் கப்போர்டுக்கு அடியில் ஸ்ட்ரிப் லைட் போடலாம் என்று முடிவு செய்தார். பக்கத்து வீட்டுச் சுவர் ஒட்டியே நிற்பதால் அந்தச் சமையலறையில் பகலிலும் விளக்கு வேண்டும். எந்த நிறம் போடட்டும் என்று ஆசாரி கேட்டார். அதை என்னிடம் விட்டுவிடு என்றார் பாய். ஆசாரி நல்லவர், உடனே விட்டுவிட்டார்.

இதில் அவர் மனைவி நஜ்மாவுக்கு ஒரு பெரிய காரியம் இருந்தது. நஜ்மாவைப் பெண் பார்த்துக் கட்டிவைத்தவர் பாயின் அக்கா ஜீனத். பூந்தமல்லியில் இருக்கிறார். தான் தேர்ந்தெடுத்த பெண் என்பதாலோ என்னவோ, நஜ்மாவின் பிரியாணியில் ஒவ்வொரு முறையும் ஒரு குறை சொல்லிவிட்டுத்தான் போவார். ஒருநாள் வெங்காயம் கருகிவிட்டது, இன்னொரு நாள் வெங்காயம் சிவக்கவே இல்லை. பாய் குனிந்து சாப்பிட்டுக்கொண்டிருப்பார். அக்காவுக்கு எதிரே அவருக்கு வாயே வராது.

புது வீட்டில் பாத்திஹா ஓதி, ஞாயிற்றுக்கிழமை விருந்து என்று முடிவானதும் நஜ்மா திட்டவட்டமாகச் சொல்லிவிட்டார். "இந்த வாட்டியும் உங்க அக்கா கொறை சொன்னாங்கன்னா இந்த ஊட்ல இனிமே பிரியாணி கெடையாது. உங்களுக்கும் சேத்துதான் சொல்றேன்."

மறுநாள் பாய் என்னிடம் இதைச் சொன்னபோது அவர் குரலே உள்ளே போயிருந்தது. பிரியாணி இல்லாத ஒரு வாழ்க்கையை அவர் அதற்கு முன் நினைத்தும் பார்த்ததில்லை.

முதலில் கம்பெனியில் எரிவது போலவே ஆறாயிரத்து ஐநூறு கெல்வின் வெள்ளை வெளிச்சத்தைப் போட்டார். அதன் கீழே எந்த நிறமும் பொய் சொல்லாது என்று சத்தியம் செய்தார். நஜ்மா ஒத்திகைக்காக வெங்காயம் வதக்கினார். அந்த நீலம் கலந்த வெள்ளையில் எவ்வளவு வதக்கினாலும் வெளுப்பாகவே தெரிந்தது. வதக்கிக்கொண்டே போய், எடுத்துப் பார்த்தால் அடுப்புக் கரி. சரி என்று மூவாயிரம் கெல்வின் மஞ்சளை மாட்டினார். சமையலறை நகைக்கடை போல ஜொலித்தது. வாணலியில் போட்ட மாத்திரத்தில் வெங்காயம் பொன்னிறம். வாயில் போட்டால் பச்சையாக நறுக்கென்று கடிபட்டது. மகள் சைமா மட்டும், போட்டோவுக்கு இதுதான் நல்லா இருக்கு என்றாள். அவளை யாரும் கேட்கவில்லை.

பாய்க்கு அப்போதுதான் தொழில் புத்தி வேலை செய்தது. மாதிரி இல்லாமல் நிறம் பார்த்தது தப்பு என்றார். நஜ்மாவை மொட்டைமாடிக்கு அனுப்பி, ஒற்றை அடுப்பில் பட்டப்பகலில் வெங்காயம் வதக்கவைத்தார். குறைவாக வதங்கியது, சரியாக வதங்கியது, கருகியது என்று மூன்றையும் ஒரு டிபன் பாக்ஸில் தனித்தனியாக அடைத்துக்கொண்டார். என்னையும் இழுத்துக்கொண்டு அம்பத்தூரில் ஒரு லைட் கடைக்குப் போனார்.

கடைக்காரர் முகமது ஆசிக் முதலில் சாப்பாட்டுப் பார்சல் என்று நினைத்து, மேஜையைத் துடைத்து இடம் கொடுத்தார். பாய் டிபன் பாக்ஸைத் திறந்து ஒவ்வொரு விளக்காக எரியவிடச் சொன்னார். நான் பாக்ஸைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கூட்டம் கூடிவிட்டது. ஒருவர் இது என்ன விலை என்று கேட்டார். விளக்கை இல்லை, வெங்காயத்தை. நாலாயிரம் கெல்வின் நேச்சுரல் ஒயிட்டில் மூன்றும் மூன்றாகத் தெளிவாகத் தெரிந்தன. எதற்கும் இன்னொரு முறை பார்க்கலாம் என்று பாய் திரும்பியபோது, சரியாக வதங்கியதைக் காணோம். கடைக்காரர் பில் எழுதியபடியே அதை மென்றுகொண்டிருந்தார். நல்லா இருக்கு பாய் என்று பாராட்டும் செய்தார். மாதிரித் தகட்டைத் தின்றுவிட்டார்களே என்று பாய் வழியெல்லாம் புலம்பினார்.

ஞாயிற்றுக்கிழமை. புது வெளிச்சத்தில் நஜ்மா வெங்காயம் வதக்கி, தம் போட்டுத் திறந்தார். வாசனை தெருமுனை வரை போனது. நான் உள்பட எல்லோரும் கூடத்தில் உட்கார்ந்தோம். ஜீனத் அக்கா நடுவில். அவருடைய தட்டில் பிரியாணியும் தால்சாவும் வைத்தார்கள். கூடத்தில் எரிந்தது அலங்கார மஞ்சள் விளக்கு. புது வீட்டுக்கு அக்காவே வாங்கித் தந்தது. அந்த வெளிச்சத்தில் பிரியாணி ஒரு மாதிரி கறுத்துத் தெரிந்ததை நானும் கவனித்தேன். பாய் ஊர் முழுக்க அலைந்தவர், சாப்பிடும் இடத்து விளக்கைப் பற்றி யோசிக்கவே இல்லை.

அக்கா கையைக்கூட வைக்கவில்லை. "இன்னா நஜ்மா, கருகிட்சு போல கீதே."

நஜ்மாவின் முகம் விழுந்துவிட்டது. எனக்கே அழுகை வரும்போல் இருந்தது. அப்போது ஹாஜா மொய்தீன் பாய் எழுந்தார். அக்காவின் முன்னாலிருந்த தட்டைக் கையில் எடுத்தார்.

"எய்ந்து வாக்கா. இந்த வெளிச்சத்துல நெறம் பாக்கக் கூடாது."

அக்கா அதிர்ச்சியிலேயே எழுந்து பின்னால் போனார். அவர் போனால் நாங்கள் உட்கார்ந்திருக்க முடியுமா? ஆளுக்கொரு தட்டோடு அந்தச் சின்னச் சமையலறைக்குள் நெருக்கியடித்து நின்றோம். என் முதுகு ஃப்ரிட்ஜோடு ஒட்டிக்கொண்டது. பாய் கப்போர்டுக்கு அடியில், சரியாக விளக்குக்கு நேரே தட்டை வைத்தார். அக்கா குனிந்து பார்த்தார். ஒரு வாய் எடுத்து வைத்தார். இன்னொரு வாய். அப்புறம் தட்டைக் காலி செய்து, நஜ்மாவிடம் மறுபடி நீட்டினார். அதையும் முடித்து, கை கழுவி, முந்தானையில் துடைத்துக்கொண்டார்.

"பிரியாணி நல்லாத்தான் கீது, நஜ்மா," என்றார். பிறகு கப்போர்டை அண்ணாந்து பார்த்து முகத்தைச் சுளித்தார். "இந்த லைட்டுதான் சகிக்கல. யாரு எடுத்தது இத?"

பாய் வாயைத் திறந்தார். நஜ்மா முந்திக்கொண்டார். "உங்க தம்பிதான்கா. நான் சொன்னேன், எங்க கேக்குறாரு."

நஜ்மா அப்படி எதையும் சொன்னதே இல்லை. ஆனால் கல்யாணமான நாளிலிருந்து முதல் முறையாக அக்காவும் அவரும் ஒரே பக்கம் நின்று ஒரே ஆளைக் குறை சொன்னார்கள். இருவர் முகத்திலும் அப்படி ஒரு சந்தோஷம். பாய்க்கு ரோஷம் வந்ததை நான் பார்த்தேன். வாயை மூடிக்கொண்டு தன் தட்டை நீட்டினார். நஜ்மா அதில் மூன்று கரண்டி கூடுதலாகவே போட்டார்.