முதலில் சிரிப்பவள்

அந்த அலுவலக நகைச்சுவைத் தொடருக்குச் சிரிப்பதுதான் அவள் வேலை. படப்பிடிப்பு அரங்கில் பார்வையாளர்களோடு மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து, வசனம் முடிந்த கையோடு முதல் ஆளாக வாய்விட்டுச் சிரிக்க வேண்டும். மற்றவர்களை அது தொற்றிக்கொள்ளும். டிவியில் அவள் சிரிக்கும் முகத்தையும் அடிக்கடி காட்டுவார்கள். கணவன் போய்ச் சேர்ந்த பிறகு பதினோரு வருஷமாக வீட்டில் அடுப்பெரிந்தது அந்தச் சிரிப்பால்தான். அங்கே எல்லோருக்கும் அவள் வெடிச்சிரிப்பு அக்கா.

தொடரில் ஒரு மேலாளர் உண்டு. புதிதாகச் சேர்ந்த பெண் கோப்போடு வந்தால், நாற்காலியை வழியில் நகர்த்திப் போடுவார். அந்தப் பெண் அவரை உரசிக்கொண்டுதான் போயாக வேண்டும். "பாத்தும்மா, இடம் சின்னது, என் மனசு பெருசு" என்பார். அக்கா வெடிப்பாள். அரங்கமே அதிரும்.

மகள் ஒரு காப்பீட்டு அலுவலகத்தில் சேர்ந்து நான்கு மாதம். கொஞ்ச நாளாகச் சாப்பாட்டைத் தட்டிலேயே அளைந்துகொண்டிருந்தாள். கொளுத்தும் வெயிலிலும் கனத்த மேல்சட்டையைப் போட்டுக்கொண்டு போனாள்.

"என்னடி, உடம்புக்கு ஏதாவதா?"

"எங்க மேனேஜர் நாற்காலிய நகத்துறாரும்மா."

"யாரும் கேக்கலையா?"

"உங்க தொடர்ல வர்ற அந்த வசனத்த அவரு சொன்னதும் எல்லாரும் சிரிக்கிறாங்க. நான் சிரிக்கலன்னா, 'டிவியில உங்கம்மாவே சிரிக்கிறாங்க, உனக்கு மட்டும் என்ன?'ங்குறாரு."

அடுத்த படப்பிடிப்பில் அதே வசனம் வந்தது. அவள் உதட்டை இறுக்கிக்கொண்டாள். அரங்கம் பேச்சுமூச்சில்லாமல் கிடந்தது.

"என்னக்கா, தூங்கிட்டீங்களா?" என்றார் இயக்குநர்.

"இதுக்கு நான் சிரிக்க மாட்டேன், தம்பி."

அவர் கோபப்படவில்லை. அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது. "பரவாயில்லக்கா. உங்க சிரிப்பு எங்ககிட்ட பதிவுல நிறைய இருக்கு. நீங்க வீட்ல ஓய்வெடுங்க."

அவள் வாசலைத் தாண்டுவதற்குள் ஒலிபெருக்கியில் அவளுடைய குரலே வெடித்தது. கூட்டமும் கூடவே சிரித்தது.

மகள் தன் அலுவலகத்தில் மேலாளர்மேல் புகார் எழுதிக் கொடுத்தாள். பத்தாம் நாள் விசாரணைக்கு அழைத்தார்கள். தாய் வெளியே பெஞ்சில் காத்திருந்தாள். சாத்திய கதவுக்குப் பின்னால் ஒரு ஆண்குரல், "இதுல என்னம்மா இருக்கு, தமாஷுதானே?" என்றது. இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள்.

அவள் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள். புகார்த்தாள் மேசையில் குப்புறக் கிடந்தது. காலி நாற்காலி ஒன்றை இழுத்துப் போட்டு மகளை ஒட்டி உட்கார்ந்தாள்.

"நீங்க யாரும்மா?" என்றார் ஒருவர்.

எதிரே உட்கார்ந்திருந்த மகளின் மேலாளருக்கு மட்டும் அவளை அடையாளம் தெரிந்துவிட்டது. அவர் மெல்லப் புன்னகைத்தார்.