மலைப்பாதையில் யார் பேசுவது

நான் அடுப்படியில் தோசைக் கரண்டியோடு நிற்கும்போதுதான் அவள் பேச ஆரம்பிப்பாள். "சற்று நில்லுங்கள். உங்கள் இடப்பக்கம் விரிகிற பள்ளத்தாக்கைப் பாருங்கள்" என்பாள். என் இடப்பக்கம் இருப்பது பாத்திரம் கழுவுகிற தொட்டி. ஆனாலும் ஒவ்வொரு முறையும் கழுத்து தானாகத் திரும்பும். திரும்பிய பிறகு வயிறு எரியும். அப்படி ஒரு குரல் அது. நின்று பார் என்றால் நிற்கத் தோன்றும்.

பேசுகிறவள் திருக்கோவிலூர்க்காரி. அவள் எங்கள் வீட்டுப் படி ஏறியதே இல்லை. பக்கத்து அறையில் என் வீட்டுக்காரர் லேப்டாப்பில் கல்வராயன் மலையின் வரைபடத்தை விரித்துவைத்து, ஒரு நீலப் புள்ளியைப் பாதையின்மேல் மெதுவாக இழுத்துக்கொண்டிருப்பார். போனை ஏமாற்றுகிற வேலை. கள்ளக்குறிச்சியில் மேசைமேல் கிடக்கிற போன், தான் மலையில் நடந்துகொண்டிருப்பதாக நம்பிவிடும். பாதையில் நாங்கள் குறித்துவைத்த இடம் ஒவ்வொன்றையும் சுற்றிக் கண்ணுக்குத் தெரியாத ஒரு வட்டம் உண்டு. போன் அந்த வட்டத்துக்குள் நுழைந்ததும் அந்த இடத்தைப் பற்றி அவள் குரல் பேசும். டவர் கிடைக்காத காட்டிலும் பேசும். வழிகாட்டி யாரும் கூட வர வேண்டியதில்லை, இயர்போனை மாட்டிக்கொண்டு அவரவர் பாட்டுக்கு நடந்து பார்த்துவிட்டு வரலாம். இதுதான் நாங்கள் செய்துகொண்டிருந்த ஆப்.

நாங்கள் என்று சொல்வது வீம்புக்கில்லை. வட்டம் போட்டது அவர். எங்கே போடுவது என்று நடந்து கண்டுபிடித்தது நான். அவருக்கு ஏற்றம் என்றால் முட்டி பிடித்துக்கொள்ளும், நல்ல பாறையாகப் பார்த்து உட்கார்ந்துவிடுவார். நான் போனை வாய்க்கு நேராகப் பிடித்துக்கொண்டு, பார்ப்பதையெல்லாம் சொல்லிக்கொண்டே ஏறுவேன். இது கடுக்காய் மரம், இந்தக் களத்தில் சாமை அடிப்பார்கள், இது அந்தக் காலத்தில் தலைச்சுமையை இறக்கி வைத்த கல், அதோ தெரிகிற, முன்னோருக்கு எழுப்பிய கல்திட்டைப் பக்கம் ஊர்க்காரர்கள் செருப்போடு போக மாட்டார்கள், நீங்களும் கழற்றிவிட்டுப் போங்கள். ஒவ்வொரு குடியிருப்பிலும் உட்கார்ந்து கேட்டு, கேட்டது சரிதானா என்று அடுத்த குடியிருப்பில் இன்னொரு முறை விசாரித்து, வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்ததும் நான்தான்.

ஆகவே பேசப்போவதும் நான்தான் என்று நினைத்திருந்தேன். இதில் கேட்பதற்கு என்ன இருக்கிறது? சின்னசேலத்தில் எங்கள் அப்பாவின் விதைக்கடைக் கல்லாவில் உட்கார்ந்து வளர்ந்த தொண்டை இது. கடையில் நான் பேசினால் ஸ்டேஷனில் ரயிலுக்கு நிற்கிறவன் திரும்பிப் பார்ப்பான் என்று அப்பா கிண்டல் செய்வார். அந்த மலைப்பாதையில் என் குரல் பேச வேண்டும் என்று எனக்கு அவ்வளவு ஆசை. நான் போன பிறகும்கூட யாராவது ஒருவர் கல்திட்டைப் பக்கம் வரும்போது, செருப்பைக் கழற்றுங்கள் என்று நான் சொல்லிக்கொண்டிருப்பேன் என்றெல்லாம் நினைத்து வைத்திருந்தேன். எப்போது ரெக்கார்டு செய்யலாம் என்று கேட்கும்போதெல்லாம் அவர் பார்க்கலாம் என்பார். பார்க்கலாம் என்றால் எங்கள் வீட்டில் என்ன அர்த்தம் என்று தெரிந்தும் நான் நம்பிக்கொண்டிருந்தேன், என்னைச் சொல்ல வேண்டும்.

ஒருநாள் மத்தியானம் சாப்பிட்ட கை காய்வதற்குள் ஒரு ஆடியோவைப் போட்டுக் காட்டினார். ஒரு பெண் குரல், நான் எழுதிய வாக்கியத்தைப் பேசியது. கல்யாண மண்டபங்களில் மைக் பிடிப்பவளாம், சர்ச்சில் வாசகம் வாசிப்பவளாம், ஆட்டோவில் ஊர் சுற்றுகிற ஜவுளிக்கடை விளம்பரமும் அவள் குரல்தானாம். தொழில் சுத்தமாக இருக்க வேண்டும் என்று ஏற்பாடு செய்தாராம். எப்படி இருக்கிறது என்று கேட்டார். நல்லாத்தான் இருக்கு என்றேன். பெற்ற பிள்ளையை வேறொருத்தி இடுப்பில் வைத்துக்கொண்டு, நமக்கே காட்டிக் கொஞ்சினால் எப்படி இருக்கும், அப்படி இருந்தது. போய்ப் பாத்திரத்தைக் கழுவினேன். அன்றைக்கு ஒரு தட்டுகூட சத்தமில்லாமல் அடுக்கப்படவில்லை.

அதன் பிறகு என் புத்தி போன போக்கைச் சொன்னால் சிரிப்பீர்கள். போனில் அவள் பெயரோடு வருகிற படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். லட்சணமாக இருந்தாள், அதில் பாதி உயிர் போனது. அவள் உச்சரிப்பில் ஓட்டை தேடினேன். வாழை, பழம், மழை எல்லாம் அச்சடித்தமாதிரி விழுந்தது, மீதி உயிரும் போனது. வீட்டுக்குள் நான் அவளை மைனா என்றுதான் சொல்வேன். உங்கள் மைனா கூப்பிடுகிறது, போனை எடுங்கள் என்பேன். அவர் போனை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போவார். "இன்னொரு வாட்டி பேசுங்க, இன்னும் கொஞ்சம் நிறுத்திப் பேசுங்க" என்று சிரித்துச் சிரித்துச் சொல்வது படிக்கட்டு வழியாகக் கேட்கும். என்னைப் பார்த்து இன்னொரு வாட்டி பேசு என்று இந்த மனுஷர் ஒருநாளும் கேட்டதில்லை. நான் ஒரு வாட்டி பேசுவதே அவருக்கு ஜாஸ்தி.

நேராகவே ஒருமுறை கேட்டேன். என் குரலில் என்ன குறை என்றேன். குறையெல்லாம் ஒன்றும் இல்லை என்றார். பிறகு ஏன் என்றேன். அவர் லேப்டாப்பைத் திறந்துகொண்டார்.

ஆப்பை வெளியிடும் முன்னால், பழக்கமில்லாத ஆட்களை நடக்க வைத்துப் பார்க்க வேண்டும் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை ஏற்பாடானது. நைனார்பாளையத்திலிருந்து அவருடைய சிநேகிதர்கள் நாலைந்து பேர் வந்தார்கள். அவளும் வந்தாள். மலையைப் பற்றி அத்தனை பேசியவள் மலையைப் பார்த்ததே இல்லையாம், அன்றுதான் முதல்முறை. படத்தில் இருந்ததைவிடச் சின்னப் பெண். என்னைப் பார்த்ததும் அக்கா என்று வந்து கையைப் பிடித்துக்கொண்டாள். காலில் மெல்லிசான செருப்பு. இவள் எங்கே நடக்கப்போகிறாள் என்று எனக்கு ஒரு சந்தோஷம்.

நாங்கள் இருவரும் எப்போதும் அடிவாரத்திலேயே பஸ்ஸை விட்டு இறங்கி, நடந்து மேலே ஏறி, மேலிருந்து பஸ் பிடித்து வீடு திரும்புவோம். மலை என்றால் ஏற வேண்டும் என்று எங்களுக்கு யார் சொன்னார்களோ. அவரும் லேப்டாப்பில் அந்தப் புள்ளியைக் கீழிருந்து மேலேதான் இழுப்பார். அன்றைக்கு அடிவாரம் வந்து நாங்கள் எழுந்தபோது நைனார்பாளையத்துக்காரர்கள் ஒருவரும் சீட்டை விட்டு எழவில்லை. அதில் ஒருவர், "பஸ்ஸுதான் மேல வரைக்கும் போவுதே, எதுக்கு ஏறணும்? மேல எறங்கி, அப்டியே பாத்துக்கினே கீழ வந்துர்லாம்" என்றார். எங்கள் பக்கத்து ஆள் எவனும் அப்படித்தானே சொல்வான். என் வீட்டுக்காரர் முகம் சுருங்கியது. ஏனென்று எனக்கு அப்போது உறைக்கவில்லை, உட்கார்ந்துவிட்டேன்.

மேலே இறங்கி எல்லாரும் இயர்போனை மாட்டிக்கொண்டு நடந்தார்கள். முதலில் எல்லாம் சரியாகப் போனது. மரத்தைப் பார்த்தார்கள், களத்தைப் பார்த்தார்கள். பாதை பிரிகிற இடம் வந்ததும் எல்லார் காதிலும் அவள் சொன்னாள், "இங்கே இடப்பக்கம் திரும்புங்கள்." ஏறி வருகிறவனுக்கு இடப்பக்கம் பாதை. இறங்கி வருகிறவனுக்கு இடப்பக்கம் யாரோ ஒருவருடைய மரவள்ளிக் காடு. மொத்தக் கூட்டமும் அதற்குள் திரும்பியது. முன்னால் போனது யார் என்கிறீர்கள்? அவளேதான். தன் குரலையே நம்பி, செருப்பில் மண் அப்ப, குச்சிகளை ஒதுக்கிக்கொண்டு போனாள்.

எனக்கு உடனே புரிந்துவிட்டது. கூப்பிட்டிருக்கலாம். கூப்பிடவில்லை. கொஞ்ச தூரம் போகட்டும் என்று நின்று பார்த்தேன். நெஞ்சுக்குள் அவ்வளவு குளுமை. காட்டுக்காரம்மா எழுந்து வந்து, யார் நீங்கள், கிழங்கு பிடுங்கவா வந்தீர்கள் என்று கேட்ட பிறகுதான் என் தொண்டையைத் திறந்தேன். ஒரே கத்தல், மொத்தப் பேரும் திரும்பி ஓடிவந்தார்கள். வரும் வழியெல்லாம் சிநேகிதர்கள் அவளை ஓட்டினார்கள். பொண்ணுக்குச் சோத்துக்கை பீச்சாங்கை தெரியாது போல என்றார்கள். அந்த வாக்கியத்தை எழுதியது நான். அது அவளுக்கும் தெரியும். ஆனாலும் என்னைக் காட்டிக்கொடுக்காமல் சிரித்து மழுப்பிக்கொண்டு வந்தாள். எனக்குக் குளுமை கொஞ்சம் குறைந்துபோனது.

கால் கொப்பளித்துவிட்டது என்று அவள் ஒரு பாறையில் உட்கார்ந்தாள். மற்றவர்கள் முன்னால் போனார்கள். விட்டுவிட்டுப் போக முடியாமல் நானும் உட்கார்ந்தேன். தண்ணீர் குடித்துவிட்டு, "நீங்க கத்துனீங்க பாருங்கக்கா, கேட்ட ஒடனே எனக்குச் சிரிப்பு வந்துடுச்சு" என்றாள். "அந்தக் கொரலத்தான் ஆறு மாசமா கேட்டுக்கினு இருக்கேன்."

எனக்கு விளங்கவில்லை. எந்தக் குரல் என்றேன்.

நான் ஏறும்போது போனில் பேசிப் பதிந்து வைத்தேனே, அதையெல்லாம் அவர் அவளுக்கு அனுப்பியிருக்கிறார். எழுதிக் கொடுத்ததைப் பார்த்துப் படிக்கக் கூடாதாம். இதைக் கேட்டுவிட்டு இதே மாதிரி பேச வேண்டுமாம். "நான் பேசி அனுப்புனா, இது வாசிக்கிற மாரி இருக்குது, அவ சொல்ற மாரி இல்லம்பாரு. இங்க அவ மூச்சு வாங்குவா, நீங்களும் நிறுத்துங்கம்பாரு. இத்தினி வருசமா மைக் புடிக்கிறேன், எவளோ ஒருத்தி மாரி பேசுன்றாரேன்னு எனக்கு அப்டி ஒரு எரிச்சல்க்கா. ஒருநாளு அழுதுட்டேன்கூட." சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். "இவ்ளோ புடிச்சிருந்தா அவங்களையே பேச வெக்க வேண்டிதானன்னு கேட்டேன். போன வெச்சிட்டாரு."

அப்படியென்றால் அடுப்படியில் நின்று நான் கழுத்தைத் திருப்பியதெல்லாம் எனக்கேதான். என் மூச்சைப் பார்த்து நானே பொறாமைப்பட்டிருக்கிறேன். சிரிப்பு வந்தது, கூடவே உடம்பெல்லாம் கொதித்தது. பிடித்திருந்தால் ஏன் என்னை விட்டுவிட்டார்? இறங்கிய வழியெல்லாம் இதையே மென்றுகொண்டு வந்தேன்.

கச்சிராயபாளையத்தில் டீ குடிக்க நின்றோம். அவரைத் தனியாகத் தள்ளிக்கொண்டு போய்க் கேட்டேன். இந்த முறை திறந்துகொள்ள அங்கே லேப்டாப் இல்லை. டீயை ஆற்றினார், ஆறின டீயை மறுபடி ஆற்றினார். பிறகு என்னைப் பார்க்காமலே சொன்னார். "எவன் எவனோ காதுல மாட்டிக்கினு, உன் கொரலக் கேட்டுக்கினே காட்டுல நடப்பான். எனக்கு அது ஒரு மாரி இருந்திச்சி. அதான்."

பொய் சொல்வானேன், ஒரு நிமிஷம் உள்ளுக்குள் ஜில்லென்றுதான் இருந்தது. இந்த வாயிலிருந்து இப்படி ஒரு பேச்சு கல்யாணம் ஆன நாளிலிருந்து வந்ததில்லை. ஒரு நிமிஷம்தான். அடுத்த நிமிஷம் வந்த கோபம் இன்றைக்கும் முழுசாக அடங்கவில்லை. நானும் பொறாமைப்பட்டேன். மைனா என்று பெயர் வைத்தேன், தட்டுகளைப் போட்டு உருட்டினேன், செருப்பைப் பார்த்துச் சந்தோஷப்பட்டேன். அவ்வளவுதான் என்னால் முடிந்தது. அவருடைய பொறாமைக்குச் சத்தமே இல்லை. ஒரு தட்டுகூட அதிராமல் என் வாயை அடைத்துவிட்டு, என் குரலுக்கு ஆள் வைத்துவிட்டு, எப்படி இருக்கிறது என்று என்னிடமே கேட்டது.

"எறங்கற பாதைக்கு வேற ஆடியோ வேணுமில்ல, அத நான்தான் பேசுவேன்" என்றேன். டீக்கடை மொத்தமும் திரும்பிப் பார்த்தது. ஏறுகிற பாதையில் அந்தப் பெண்ணின் குரல் அப்படியே இருக்கட்டும் என்று சொன்னதும் நான்தான். அழுது அழுது கற்றுக்கொண்டிருக்கிறாள், அதை யாரும் பிடுங்க வேண்டாம்.

அடுத்த வாரம் மேலே போய் இறங்கிக்கொண்டே பதிவு செய்தோம். நான் முன்னால் பேசிக்கொண்டு போக, அவர் மைக்கோடு பக்கத்திலேயே வந்தார். கல்திட்டைக்கு அருகே கீழிருந்து இரண்டு ஆட்கள் ஏறி வந்தார்கள். வெளியூர்க்காரர்கள், தோளில் பை. நான் பேசுவதைக் கேட்டு அப்படியே நின்றுவிட்டார்கள். ஒருவர் குனிந்து செருப்பைக் கழற்றினார். என் வீட்டுக்காரர் மைக்கை அணைத்தார்.

ஏன் என்று கேட்டேன். ஆட்கள் இருக்கிறார்கள், போகட்டும் என்றார்.

"இருக்கட்டும். ஆன் பண்ணுங்க" என்றேன்.

அவர் முகத்தைப் பார்த்தேன். அந்த எரிச்சல் வயிற்றில் எந்த இடத்தில் பிடிக்கும் என்று எனக்கு நன்றாகவே தெரியும், பாவமாகத்தான் இருந்தது. அவர் மைக்கை ஆன் செய்தார். நான் தொண்டையைச் செருமிக்கொண்டு, அந்த இரண்டு பேரும் கேட்க, முதல் வரியிலிருந்து பேசினேன்.