வீட்டை மட்டையால் தொட்டவர்

1996 மே மாதம், ஒரு வியாழக்கிழமை. நேப்பிள்ஸ் ரயில் மூன்று மணி நேரம் தாமதம். மதியம் ஒரு மணிக்குப் பலெர்மோவில் இறங்கியபோது என் இடுப்பு ஒடிந்திருந்தது. திருச்சியில் எங்கள் பக்கத்து வீட்டில் குடியிருந்தவரின் தம்பி அருள் ஓடி வந்து பெட்டியைப் பிடுங்கிக்கொண்டார். மன்னார்க்காரர், இங்கே ஒரு டாக்டர் வீட்டில் சமையல். முதுகில் ஒரு கிரிக்கெட் மட்டை தொங்கியது.

"முதலில் எந்தத் தேவாலயம் பார்க்கலாம்?" என்றேன்.

"அது நாளைக்கு அண்ணை. வியாழன் பின்னேரம்தான் எங்களுக்கு லீவு. இண்டைக்கு மேட்ச். தோத்தா கிரவுண்ட் இல்லை, திரும்பவும் ஒழுங்கைதான்."

தேவாலயம் பார்க்க வந்தவனை மைதானம் காட்ட இழுக்கிறாரே என்று எனக்கு எரிச்சலாக இருந்தது. பசி வேறு.

1.30. கபோ சந்தை. மீன்கடைக்குப் பின்னால், கையை நீட்டினால் இரண்டு சுவரும் தட்டுப்படும் ஒரு சந்து, அருள் சொன்ன ஒழுங்கை. மன்னார்க்காரர்கள் ஆறு பேரின் முதல் மைதானம் இதுதானாம். ஒருநாள் பந்து மாடி ஜன்னலுக்குள் புகுந்து ஒரு சிஞ்ஞோரா அம்மாளின் தக்காளிச் சட்டியில் விழுந்தது. அத்தோடு அந்த மைதானத்தின் வரலாறு முடிந்தது.

2.15. இருபத்தைந்து நிமிட நடை. கால்சா, கடலோர வெளி. அணித் தலைவர் சிவம் காத்திருந்தார். பருத்தித்துறைக்காரர். யாழ்ப்பாணத்து ஆறு பேரின் மைதானம் இது.

"கடலுக்கை அடிச்சா ஆறு ரன். ஆனா அடிச்சவன்தான் புதுப் பந்து வாங்கோணும்" என்றார் சிவம்.

"பிறகு?"

"பிறகென்ன, ஒருத்தரும் அடிக்கேல்லை."

அங்கே குடை ராட்டினங்கள் வந்து இறங்கியதும் வெளியேற வேண்டியதாயிற்று. ஆறும் ஆறும் சேர்ந்து ஒரே அணியானது அப்போதுதான். பதினோரு பேர் ஆட, ஒருவர் சண்டை போட என்று அருள் கணக்குச் சொன்னார்.

3.00. பஸ் கட்டணம் 1,500 லீரா. நகரத்தின் விளிம்பில், மலையடியில் ஒரு பேஸ்பால் மைதானம். அதன் பயிற்சியாளர் சால்வோ, தொப்பையும் விசிலுமாக நின்றார். பேஸ்பாலில் தன் ஆட்களோடு சமன் செய்தாலே போதும், வியாழன்தோறும் மைதானம் உங்களுக்கு என்று சொல்லியிருந்தார். தாராள மனசு என்று நினைத்தேன். ஆட்டம் தொடங்கியதும்தான் அவருடைய தைரியம் புரிந்தது.

நம்மவர்களுக்குக் கிரிக்கெட் விட்டபாடில்லை. சிவம் பந்தை மெதுவாகத் தட்டிவிட்டு, ரன் இல்லை என்று கையைக் காட்டி நின்றார். இந்த ஆட்டத்தில் அடித்தால் ஓடியே ஆக வேண்டும். அவுட். ஆனால் அருள், கையுறைக்குள் வேர்க்கிறது என்று கழற்றி எறிந்துவிட்டு, தலைக்கு மேலே பறந்த பந்தை வெறுங்கையால் பிடித்தபோது சால்வோவின் விசில் வாயிலிருந்து விழுந்தது.

கடைசிச் சுற்று. நம்மவர்களுக்கு ஒரு ஓட்டம் குறைவு. மிச்சம் அருள் மட்டும். அடித்தார் பாருங்கள், பந்து வேலிவரை உருண்டது. நான் இடுப்பை மறந்து குதித்தேன். முதல் தளம், இரண்டு, மூன்று. ஓடினார், கையில் மட்டையோடு!

"மட்டையைப் போடு! போட்டிட்டு ஓடு!" என்று சிவம் கத்தினார்.

கிரிக்கெட்காரன் மட்டையைப் போடுவானா? கடைசித் தளத்துக்கு இரண்டடி முன்னே குனிந்து, மட்டையை நீட்டி அதைத் தொட்டுவிட்டு, வெற்றிச் சிரிப்போடு நின்றார் அருள். பந்தோடு வந்த இத்தாலியர் அந்தப் பந்தால் அவர் தோளைத் தொட்டார். அவுட்.

"அதைக் காலால தொடோணும். அந்தத் தளத்துக்கு இவங்கள் சொல்ற பேர் 'காசா'. காசா எண்டால் வீடு" என்றார் சிவம்.

"வீட்டுக்கு வந்திட்டன்தானே?" என்றார் அருள்.

எல்லாரும் பையைக் கட்டினார்கள். சால்வோ வந்து அருளின் உள்ளங்கைகளைத் திருப்பிப் பார்த்தார். பிறகு கேட் சாவியை அதில் வைத்தார். சிவம் மொழிபெயர்த்தார்: "ஞாயிறு பூசை முடிய இவன் எங்கட டீமுக்கு வந்து பந்து பிடிக்கட்டும். வியாழன் உங்களுக்கு எண்டு சொல்றார்."

என்ன கூச்சல், என்ன கட்டிப்பிடிப்பு! அந்தக் கூச்சலில் மணி 6.20 ஆனதை யாரும் கவனிக்கவில்லை. ஏழு மணிக்கு அருள் டாக்டர் வீட்டில் இரவுச் சாப்பாடு வைக்க வேண்டும், பஸ்ஸோ புறப்பட்டுக்கொண்டிருந்தது. ஓடினோம். எங்கள் ஊரில் கை காட்டினால் கண்டக்டர் விசிலடித்து நிறுத்துவார். இங்கே கதவு தானாகவே மூடத் தொடங்கியது.

முன்னால் ஓடிய அருள் குனிந்து, தன் மட்டையை நீட்டிக் கதவிடுக்கில் வைத்தார். கதவு திறந்துகொண்டது. பன்னிரண்டு பேரும் நானும் ஏறினோம். டிரைவர் திட்டினார், அவுட் என்று மட்டும் சொல்லவில்லை.